சிவப்பு மூலையும் விழுந்த பாடமும்

கடிதம்

எழுதியவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த 24 வயது மாணவி. வெள்ளவத்தையில் இன்னும் மூன்று பிள்ளைகளோடு போர்டிங்கில் தங்கி, கொழும்பை அண்டியுள்ள அரச பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் படிக்கிறார். உயர்தரம் தமிழ்மொழி மூலம். முதல் இரண்டு ஆண்டுகளும் தரப்புள்ளிச் சராசரி 3.4க்குக் குறையவில்லை. மூன்றாம் ஆண்டின் கடைசிப் பரீட்சையில் வெப்ப இடமாற்றப் பாடம் விழுந்துவிட்டது. அதிர்வியலில் மயிரிழையில் கரையேறினார். "ஐந்து வருடத்து வினாத்தாள்களையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனேன். அப்படியும் விழுந்தால், இது எனக்கு விதித்த படிப்பு இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கிறார்.

இதற்குள் இன்னொரு முடிச்சு. நான்கு பேர் கொண்ட குழுவாக ஒரு வடிவமைப்புச் செயற்றிட்டம் செய்கிறார்கள். கராஜ்களில் முச்சக்கர வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பழுதுபார்க்க உதவும், கையால் இயக்கும் உயர்த்தி அது. சுமையைத் தாங்கும் 'எல்' வடிவத் தகட்டை முடிவுறு மூலக முறையில் (பொருளை வலைபோலச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) கணினியில் ஆராய்ந்தவர் குழுவிலுள்ள இன்னொரு மாணவர். அறிக்கையின் வண்ணப் படத்தில் தகட்டின் உள்மூலை சிவப்பாகத் தெரிகிறது. அங்கேதான் உச்சத் தகைப்பு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் உலோகம் தாங்கும் விசை, 161 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது. ஓர் இரவு இவர் தனியே அதே மாதிரியை இன்னும் நுண்ணிய வலையில் ஓட்டிப் பார்த்தார். எண் 221க்கு ஏறியது. குழுவில் சொன்னபோது, "மேற்பார்வையாளரே நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார், நீ கிளறாதே" என்று வாயை அடைத்துவிட்டார்கள். வாய்மொழிப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் போனால் அது காட்டிக்கொடுப்பதாகுமா என்பது இவருடைய கேள்வி.

தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தி அறையில் வேலை செய்யும் தகப்பனுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. முதல் வகுப்புப் போய்விட்டதால் இனிப் பட்டயப் பொறியியலாளராக (தொழில் நிறுவனத்தின் முழுத் தகுதி பெற்ற பொறியியலாளராக) முடியாது, தன் ஆங்கிலம்தான் எல்லாவற்றுக்கும் எமன், பேசாமல் படிப்பை விட்டுவிட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றில் முகாமைத்துவப் பட்டத்துக்கோ மென்பொருள் வேலைக்கோ போய்விடலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பதில்

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் ஒரு தகப்பனாக. இரண்டாம் தரம் பென்சிலும் கையுமாக. பொறியியலாளனாகத் தொழிற்சாலைகளில் காலம் கழித்து, மாலை வேளைகளில் விரிவுரையும் செய்து பழகியவன் நான். எண்களைக் கண்டால் கை சும்மா இருக்காது. நீங்கள் வினாத்தாளின் ஒரு வினாவை முழுதாக எழுதி அனுப்பியிருந்தீர்கள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வலையின் அளவு 10, 5, 2.5 மில்லிமீற்றர் என்றும், பக்கத்தில் 118, 161, 221 என்றும் கிறுக்கியிருந்தீர்கள். நாலு பக்கக் கடிதத்தில் எனக்கு அதிகம் பேசியவை இந்த இரண்டும்தான். அவற்றுக்கு வருமுன், அவசரமான அலுவலக விடயங்களை முடித்துவிடுவோம்.

ஒரு பாடம் விழுந்தால்

பட்டம் போகாது. பெரும்பாலான பொறியியல் பீடங்களில் விழுந்த பாடத்தை அடுத்த முறை பரீட்சை நடக்கும்போது மீண்டும் எழுதலாம். எவ்வளவு நன்றாக எழுதினாலும் தரம் 'சி'க்கு மேல் பதியப்படாது என்பதே வழக்கமான நிபந்தனை. பீடத்துக்குப் பீடம் விதி மாறும். ஆகவே போர்டிங்கில் நள்ளிரவில் பேசப்படும் சட்டங்களை விட்டுவிட்டு, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய கைந்நூலை எடுத்துப் பாருங்கள். பிறகு பீடத்தின் உதவிப் பதிவாளர் அலுவலகத்தில் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். தொடர் மதிப்பீட்டில் எடுத்த புள்ளிகள் மீள எழுதும்போது சேர்க்கப்படுமா? மீள எழுதிய பாடம் வகுப்புச் சித்திக்குத் தடையா? விண்ணப்பிக்கக் கடைசித் திகதி எது? மூன்றாவதைக் கேட்க மறந்து ஒரு முழு வருடத்தை இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

சராசரி தரைமட்டமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் வழக்கமாக நீங்கள் எடுக்கும் 3.3க்குப் பதிலாக 2.0 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு 3.9. சராசரிக்குச் சேரும் மொத்த கிரெடிட்கள் 130 என்றால், 3.9ஐ 130ஆல் வகுத்தால் 0.03. உங்கள் 3.40 இப்போது 3.37. இதற்காகவா மூன்று வாரம் தூங்காமல் இருந்தீர்கள்?

சிரேஷ்ட மாணவர் ஒருவர், பின்திகதியிட்ட மருத்துவச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் அந்த முயற்சியையே அழித்துவிடலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பரீட்சை எழுதி முடித்து, பெறுபேறும் வந்த பிறகு கொடுக்கும் சான்றிதழால் பயனில்லை. பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தாலோ அது பரீட்சைக் குற்றம். விழுந்த பாடத்தை மீண்டும் எழுதிக் கழுவிக்கொள்ளலாம், ஒழுக்காற்று விசாரணையை அப்படிக் கழுவ முடியாது.

பட்டயப் பொறியியலாளர் விடயத்திலும் யாரோ உங்களைக் குழப்பியிருக்கிறார்கள். 1906இல் தொடங்கி இன்று கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் இயங்கும் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் முதலில் பார்ப்பது, உங்கள் பட்டநெறி அங்கீகாரம் பெற்றதா என்பதைத்தான். பிறகு தொழில் அனுபவம், அதன் பிறகு தொழில்சார் நேர்முகம். முதல் வகுப்பு என்பது அந்தப் பாதையில் ஒரு நிபந்தனையே கிடையாது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இலங்கை முழு உறுப்புரிமை பெற்றதால், அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பிருக்கிறது. முதல் வகுப்பு உதவுவது வேறு இடங்களில்: விரிவுரையாளர் பதவிக்கு, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு. உங்கள் கடிதத்தில் இரண்டையும் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எண்ணெய்க்குள் போன தண்டு

இனி, நீங்கள் எழுதி அனுப்பிய வினா. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள நீண்ட உருக்குத் தண்டு 850 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றப்பட்டு, 50 பாகையிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தப்படுகிறது. மையம் 200 பாகைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்? மேற்பரப்பின் வெப்ப இடமாற்றக் குணகம் 1000, உருக்கின் வெப்பக் கடத்தாறு 40, அடர்த்தி 7800, தன்வெப்பக் கொள்ளளவு 500 என்று தரவுகள், எல்லாம் வழக்கமான அலகுகளில்.

தண்டு முழுவதும் எந்நேரமும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் எளிய அடுக்குக்குறிச் சூத்திரத்தைப் போட்டு, 163 வினாடி என்று விடை எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. நானும் போட்டுப் பார்த்தேன், அதே 163தான். ஆனாலும் அந்த வினாவுக்குப் புள்ளி கிடைக்கவில்லை, ஏனென்று விளங்கவில்லை என்கிறீர்கள்.

போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த ஓர் இறாத்தல் பாணை நினைத்துப் பாருங்கள். மேல் ஓடு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். பிய்த்தால் உள்ளே ஆவி பறக்கும். பாணுக்கு ஒரே வெப்பநிலை என்று ஒன்று இல்லை. தேநீரில் கிடந்த கரண்டியை வெளியே எடுத்து வைத்தால் அப்படியில்லை, அதன் கிண்ணப் பகுதி மேலும் உள்ளும் சேர்ந்தே ஆறும். உங்கள் தண்டு பாணா, கரண்டியா என்று தீர்மானிப்பதற்குத்தான் பயோட் எண் இருக்கிறது. மேற்பரப்புக் குணகத்தைத் தண்டின் சிறப்பு நீளத்தால் பெருக்கிக் கடத்தாறால் வகுக்க வேண்டும். நீண்ட உருளைக்குச் சிறப்பு நீளம் ஆரையின் பாதி, அதாவது 0.025 மீற்றர். 1000ஐ 0.025ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 0.625. எளிய சூத்திரத்துக்கு அனுமதி 0.1 வரைதான். ஆகவே இது பாண்.

உள்ளே இடத்துக்கிடம் வெப்பநிலை மாறுவதையும் கணக்கில் எடுக்கும் முறையில், ஹைஸ்லர் 1947இல் வெளியிட்ட வரைபடங்களைக் கொண்டோ, அந்தத் தீர்வாக வரும் முடிவிலித் தொடரின் முதல் உறுப்பைக் கொண்டோ செய்தால் விடை ஏறத்தாழ 250 வினாடி. உங்கள் 163ஆவது வினாடியில் மேற்பரப்பு 217 பாகைக்கு வந்திருக்கும், மையம் இன்னும் 335 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த விடையை நம்பி ஒரு பட்டறையில் தண்டை வெளியே தூக்கியிருந்தால், வெளித்தோற்றத்தில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

நீங்கள் கரைத்துக் குடித்த ஐந்து வினாத்தாள்களிலும் தண்டு காற்றில் ஆறியிருக்கிறது, அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காற்றுக்குக் குணகம் 25 என்றால் பயோட் எண் 0.016, அங்கே தண்டு கரண்டி, உங்கள் சூத்திரம் சரி. இந்த வருடம் வினாவை அமைத்தவர் 'காற்று' என்ற ஒரு சொல்லை 'எண்ணெய்' என்று மாற்றினார். அவ்வளவுதான் நடந்தது. தண்டு அதே தண்டு.

நமது பிள்ளைகள் உயர்தரத்துக்கு வகுப்பு வகுப்பாக ஓடிக் கற்றுக்கொண்டு வரும் வித்தை ஒன்று இருக்கிறது: வினாவைக் கண்டதும் அது எந்த இனம் என்று பிடித்து, அந்த இனத்துக்குரிய வழியை இறக்கிவிடுவது. இணைந்த கணிதத்தில் அதற்குப் பலன் உண்டு. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மூன்றாம் ஆண்டில் வெப்ப இடமாற்றம், அதிர்வியல், கட்டுப்பாட்டுத் தொகுதிகள் என்று வரும்போது, எந்தச் சூத்திரம் என்பதோடு அதை இங்கே பயன்படுத்த அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இந்த மாற்றத்தை யாரும் விரிவுரையில் அறிவிப்பதில்லை. விரிவுரையாளர்களைக் குறைசொல்லவில்லை, நானும் அறிவித்ததில்லை. மாணவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் படிப்பித்தேன்.

எனவே மீள எழுதும் பரீட்சைக்குப் படிக்கும் முறையை மாற்றுங்கள். பதினைந்து வினா செய்யும் நேரத்தில் மூன்றை எடுங்கள். ஒன்றைச் செய்து முடித்ததும், வினாவில் ஒரேயொரு சொல்லை மாற்றுங்கள். காற்று எண்ணெயாகட்டும், உருக்கு செங்கல்லாகட்டும், நீண்ட தண்டு குட்டைத் தண்டாகட்டும். உங்கள் விடையின் எந்த வரி முதலில் உடைகிறது என்று தேடுங்கள். பரீட்சையில் ஒவ்வொரு விடைக்கும் மேலே எடுகோள்களை இரண்டு மூன்று வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். எழுதக் கை போகும்போதே, 'இது உண்மையா?' என்ற கேள்வி தானாக எழும். அதிர்வியலிலும் இதேதான்: கோணம் சிறியது என்று எங்கே எடுத்தேன், தணிப்பை எங்கே விட்டேன் என்று எழுதிப் பாருங்கள்.

சிவப்பு மூலை

இப்போது அந்த மூன்று எண்கள். 118, 161, 221. வலையைப் பாதியாக்கும் ஒவ்வொரு தரமும் தகைப்பு ஏறத்தாழ 1.37 மடங்காகிறது, கவனித்தீர்களா? கூரிய 90 பாகை உள்மூலை ஒன்றுக்கு மீள்தன்மைக் கோட்பாடு சொல்லும் வீதம் அச்சொட்டாக இதுதான். கோட்பாட்டின்படி ஆரையே இல்லாத மூலையில் தகைப்பு முடிவிலி. கணினி பாவம், முடிவிலியைக் காட்ட முடியாமல், வலை நுண்மையாக நுண்மையாக ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கிறது. வலையை இன்னொரு முறை பாதியாக்குங்கள், 300ஐத் தாண்டும். மென்னுருக்கு நிரந்தரமாக வளையத் தொடங்குவது 250க்குப் பக்கத்தில். அப்போது உங்கள் உயர்த்தி 'உடைந்துவிடும்'. வலையை 10 மில்லிமீற்றருக்குத் திருப்பினால் 'பிழைத்துவிடும்'. தகட்டில் இதற்கிடையில் எதுவும் மாறவில்லை.

ஆகவே 161 பிழை, 221 சரி என்று வாதாடப் போகாதீர்கள், உங்கள் கடிதத்தின் தொனி அப்படித்தான் இருக்கிறது. இரண்டுமே அந்த மூலையின் தகைப்பு அல்ல. உண்மையான தகட்டில் கூரிய மூலை கிடையாது. வெட்டும் கருவி சிறிதாவது ஒரு வளைவை விட்டுத்தான் போகும். அந்த வளைவை மாதிரியில் வரையுங்கள், மூலையைச் சுற்றி மட்டும் வலையை நுண்மையாக்குங்கள். இரண்டு மூன்று முறை பாதியாக்கியதும் எண் ஓரிடத்தில் நின்றுவிடும். நின்ற எண்ணைத்தான் அறிக்கையில் போட வேண்டும். கூடவே ஒரு கைக்கணக்கு: மூலையிலிருந்து சற்றுத் தள்ளிய வெட்டுமுகத்தில், சுமை தகட்டை வளைக்கும் திருப்பத்திலிருந்து பெயரளவுத் தகைப்பை (மூலையின் பாதிப்பைச் சேர்க்காத எளிய தகைப்பை) கண்டுபிடித்து, கணினி அதே இடத்தில் என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். அங்கே இரண்டும் பொருந்தாவிட்டால் சுமையோ தாங்கலோ தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, மூலையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அகலமான தகட்டில் சிறு வட்டத் துளை தகைப்பை மூன்று மடங்காக்கும் என்று கிர்ஷ் 1898இலேயே காகிதத்தில் காட்டிவிட்டார். மென்பொருள் புதிதாக வாங்கியவர்கள் முதலில் அந்தத் தகட்டை ஓட்டி 3 வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். உங்கள் குழுவும் ஒரு பிற்பகலில் செய்து பார்க்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொழும்பில் ஒரு பட்டறையில் பம்பி ஒன்றின் தண்டு தோள்ப் பகுதியில் உடைந்துகொண்டே இருந்தது. மாற்றுவோம், சில மாதம் ஓடும், அதே இடத்தில் உடையும். தடித்த தண்டாகப் போடலாம் என்று நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த வயதான பாஸ் (கைதேர்ந்த தொழிலாளி) ஒருவர் புதிய தண்டை எடுத்து, விட்டம் மாறும் அந்த மூலையில் பெருவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் மூலையில் சிக்கி நின்றது. "இங்கேதான் போகும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தண்டைக் கடைசல் இயந்திரத்துக்குத் திருப்பி எடுத்துப்போய் மூலையை உருட்டி எடுத்தார். பிறகு நகம் வழுக்கிக்கொண்டு போனது. நான் கணக்கெழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்ட கேள்வி இந்த மனிதருடைய கேள்விதான். எல்லாரும் வண்ணப் படத்தைப் பார்த்துத் தலையாட்டியபோது, எண் ஏன் ஏறுகிறது என்று ஒருவர் மட்டும் இரவில் எழுந்து பார்த்திருக்கிறார். அவர்தான் பரீட்சை மண்டபத்தில் பயோட் எண்ணைப் பார்க்காமல் சூத்திரத்தைப் போட்டவரும். முதலாமவருக்கு நேரம் இருந்தது, பயம் இருக்கவில்லை. இரண்டாமவருக்கு நேர்மாறு. இந்தப் படிப்பு உங்களுக்கு விதித்ததா என்று கேட்டீர்களே, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் நீங்களே அதற்கு விடை எழுதி வைத்திருக்கிறீர்கள்.

குழுவிடம் எப்படிப் போவது

காட்டிக்கொடுத்தல் என்பது பெரிய சொல். அறிக்கையின் முதல் பக்கத்தில் நான்கு பேரும் கையெழுத்திடுகிறீர்கள், அந்த எண்ணுக்கு நால்வரும் பொறுப்பு. மேற்பார்வையாளர் 'நன்றாயிருக்கிறது' என்றது அவருக்குக் காட்டப்பட்ட ஒரே படத்தைப் பார்த்து. மூன்று வலையையும் அவருக்கு யாரும் காட்டவில்லை.

முதலில் படத்தைச் செய்த மாணவரிடம் தனியே போங்கள், மற்ற இருவருக்கும் முன்னால் வேண்டாம். 'நீ பிழை விட்டாய்' என்று தொடங்காமல், மூன்று எண்களையும் வரைபாக வரைந்து எடுத்துப்போய், "இது ஏன் நிற்கவில்லை என்று சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். திருத்த வேண்டியது ஒரு மூலைக்கு வளைவு போடுவதும் இரண்டு நாள் ஓட்டுவதும்தான், அறிக்கையைத் திரும்ப எழுதுவதல்ல என்பதைச் சொல்லுங்கள். பாதி எதிர்ப்பு வேலைப்பளுவுக்குப் பயந்து வருவது. வாய்மொழிப் பரீட்சைக்கு வரும் வெளிப் பரீட்சகர் எழுப்பும் முதல் கேள்விகளில் ஒன்று வலையின் அளவு பற்றியதாக இருக்கும் என்பதையும் மறக்காமல் சொல்லிவையுங்கள். நானும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறேன். கூரிய மூலையில் சிவப்பைக் கண்டால் வேறொன்றும் கேட்கத் தோன்றாது.

அப்படியும் மறுத்தால், ஒரு வாரம் பொறுத்து, "நான் மேற்பார்வையாளரிடம் ஒரு சந்தேகம் கேட்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று குழுவுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால்தான் மனக்கசப்பு. இதிலும் ஆபத்து இல்லாமலில்லை: சிலர் சில மாதம் முகம் கொடுக்காமல் இருக்கலாம், இறுதியாண்டில் அது வலிக்கும். ஆனால் அந்தத் தகட்டின் கீழே ஒருவர் படுத்துக்கொண்டு முச்சக்கர வண்டியின் அடியைப் பார்க்கப் போகிறார். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜுக்குப் போய் அரை மணிநேரம் நின்று பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

கள்ளப் பிரதி மென்பொருள் பற்றி ஒரு வரியில் தொட்டிருக்கிறீர்கள். பெரிய மென்பொருள்கள் சிலவற்றுக்கு இலவச மாணவர் பதிப்பு இருக்கிறது, கல்குலிக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளும் இருக்கிறது. இந்த அளவு தகட்டுக்கு அவை தாராளம்.

விட்டுவிட்டுப் போவது

தனியார் பட்டம் தரக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் நிலையில் அது கணக்குக்கு ஒத்துவரவில்லை. மூன்று வருடத்துப் பொறியியல் கிரெடிட்களை முகாமைத்துவப் பட்டம் ஒன்று முழுதாக ஏற்காது. கட்டணம் கட்ட வேண்டும். மஹாபொல புலமைப்பரிசில் கிடைத்துக்கொண்டிருந்தால் அதுவும் நின்றுவிடும். பதிவை விட்டபின் இதே கதிரைக்குத் திரும்பி வர இலகுவான வழி கிடையாது. மென்பொருள் வேலைக்கு இயந்திரப் பொறியியல் பட்டதாரிகள் போகத்தான் செய்கிறார்கள், பட்டத்தை முடித்துக்கொண்டு. இன்னும் ஒரு வருடம்தானே.

ஆங்கிலம் பற்றி: முதல் இரண்டு வருடமும் இதே ஆங்கிலத்தில் எழுதித்தான் 3.4 எடுத்தீர்கள். எண்ணெய்த் தொட்டி வினாவை நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை, எனக்கு அனுப்பிய தமிழாக்கமே சாட்சி. தமிழில் யோசித்து, குட்டிக் குட்டி ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். இலக்கண அழகுக்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்று எழுதிய பகுதியை நான் தாண்டிப் போக மாட்டேன். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரை இந்த வாரமே சந்தியுங்கள். இரவில் மனம் மிகவும் இருண்டுபோனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழில் பேசலாம்.

அப்பா

அவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். விடுமுறைக்குப் போகும்போது ஒரு கணக்கோடு போங்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. மூன்றரைக் கிலோ தண்ணீர் போக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோயூல் என்றால், மொத்தம் 8,400. காய்ந்த விறகு ஒரு கிலோ சுமார் 15,000 கிலோயூல் தரும். காகிதத்தில் பார்த்தால் ஒரு கிலோ தேயிலைக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் விறகு போதும்.

அப்பாவிடம் கேளுங்கள், உண்மையில் எவ்வளவு போகிறது? வாட்டும் தொட்டியிலேயே எவ்வளவு தண்ணீர் போய்விடுகிறது, உலர்த்திக்குள் போகும் காற்று எத்தனை பாகை, வெளியே வருவது எத்தனை, மழை நாளில் விறகு ஈரமாயிருந்தால் அவர் என்ன செய்கிறார்? அந்த அறையில் இத்தனை வருடம் நின்றவருக்கு இந்தக் கேள்விகளை இதுவரை யாரும் மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். தரவு தராத வினா அது. எடுகோள் முழுவதும் நீங்கள்தான் எடுக்க வேண்டும், அவர் திருத்துவார். பேச்சு நடுவில், எந்தப் பாடத்துக்காக இதைக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்பார். அப்போது சொல்லிவிடுங்கள்.

கொழும்புக்குத் திரும்பியதும் தகடு வெட்டக் கொடுத்த பட்டறைக்கு ஒருமுறை போய், ஆரை அளக்கும் மானி ஒன்றை வாங்கி அந்த உள்மூலையில் வைத்துப் பாருங்கள். 2 மில்லிமீற்றரோ 5 மில்லிமீற்றரோ, வருகிற எண்ணை வரைபடத்தில் குறித்துக்கொண்டு மாதிரியில் போட்டு ஓட்டுங்கள். எண் எங்கே நிற்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.